காசு கூடினால் சீனி கூடுமா? நம்ம நெல்லைப் பக்கத்துக் கணக்கு

வண்ணார்பேட்டைக்காரன்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. காசு புழங்கும் வீட்டில்தான் இனிப்பு ஓடும், இல்லாத வீட்டில் ஏது இனிப்பு என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சுகருக்கே 'பணக்கார வியாதி' என்று பேர் இருந்தது. ஆனால் ஒன்றிய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் புரட்டினால் கதை வேறு மாதிரி போகிறது.

கிராமத்துக் குடும்பம் மாதம் செலவழிக்கும் 100 ரூபாயில் சீனிக்கும் உப்புக்கும் சேர்த்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. நகரத்தில் அதைவிடக் குறைவு. அதே 100 ரூபாயில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற தலைப்புக்குக் கிராமத்தில் ஒன்பதரை ரூபாய்க்கு மேல், நகரத்தில் பத்தரைக்கு மேல். பெரிய மாநிலங்களில் சாப்பாட்டுச் செலவில் இந்தத் தலைப்புக்கு அதிகப் பங்கு கொடுப்பது தமிழ்நாடுதான்: கிராமத்தில் கால் பங்குக்கும் மேல், நகரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஓட்டல் சாப்பாடும் இதற்குள் வருகிறது, ஆகவே முழுக்க இனிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் கடை டீ, பிஸ்கட், கலர் என்கிற குளிர்பானம், பாக்கெட் தீனி எல்லாம் இங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

சீனியைச் சீனியாக வாங்கும் செலவு சுருங்கி, யாரோ கலந்து கொடுப்பதை வாங்கும் செலவு பெருத்திருக்கிறது. யார் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கடை வைத்திருப்பவர்கள், வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் சொல்லுங்கள். அல்வாப் பெருமை இங்கே வேண்டாம் மக்கா, அதற்கு இந்த இணைய மன்றத்தில் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது.

பேட்டை பலசரக்கு

தம்பி, கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறவன் சொல்கிறேன்.

மாதச் சாமானுக்கு லிஸ்ட் எழுதிக் கொண்டுவரும் வீடுகள் சில இருக்கின்றன. வாத்தியார் வீடு, மின்வாரியத்தில் இருப்பவர் வீடு, பென்ஷன்காரர் வீடு. முன்பெல்லாம் ஐந்து கிலோ சீனி எழுதியவர்கள் இப்போது இரண்டு கிலோவில் நிறுத்திவிடுகிறார்கள். 'டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார் அண்ணாச்சி' என்பார்கள். குறைத்த சீனி எங்கே போனது என்று அதே லிஸ்டின் அடிப்பக்கத்தில் பார்க்கலாம்: ஜாம், தக்காளி சாஸ், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சோள அவல், பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுக்கும் சாக்லேட் பவுடர், கிரீம் பிஸ்கட் பெரிய பாக்கெட்.

கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு முதல் பாதி மாதம் ரேஷன் சீனி ஓடிவிடும். ஆளுக்கு அரைக் கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் இரண்டு கிலோ, கிலோ 25 ரூபாய். இருபதாம் தேதிக்கு மேல் என்னிடம் வருவார்கள். 'பத்து ரூபாய்க்குச் சீனி கொடுங்க.' கிலோ 45 என்று வைத்தால் பத்து ரூபாய்க்கு 222 கிராம் வர வேண்டும். பேப்பர், நூல், சிந்துகிறது எல்லாம் கழித்து 200தான் போடுவேன், இல்லாவிட்டால் கட்டாது. லிஸ்ட் வீட்டுக்காரருக்குக் கிலோ 45, பொட்டலக்காரருக்குக் கிலோ 50. ஊர்ப் பலசரக்குக் கடை எல்லாவற்றிலும் இதுதான் நடப்பு, நான் மட்டும் கொள்ளையடிக்கவில்லை.

அடுத்தது சரம். கடை முன் கம்பியில் தொங்குகிறதே, ஐந்து ரூபாய்க் கேக், இரண்டு ரூபாய் ஜெல்லி, ஒரு ரூபாய் மிட்டாய். சரத்தின் அடிநுனி மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். கம்பெனி ஆள் வந்து மாட்டும்போதே அந்த உயரம் பார்த்துத்தான் மாட்டுவான். நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சரம் பாதியாகிவிடும். இதை இழுப்பது லிஸ்ட் வீட்டுப் பிள்ளைகள் இல்லை, அவர்கள் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். நடந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகள். காலையிலேயே அம்மா கையில் அஞ்சு ரூபாய் கொடுத்து விட்டிருப்பாள்.

முக்கூடல் அக்கா

அண்ணாச்சி சொன்ன அந்த அம்மா எங்கள் பக்கத்தில் பீடி சுற்றுகிறவள். என் அம்மா, சித்திமார் எல்லோரும் அந்தத் தொழில்தான்.

மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. எண்ணிக்கைக்குத்தானே கூலி. மதியம் சோறு பொங்கி வைத்திருந்தாலும் சாப்பிட மூன்று மணி ஆகும். கை முழுக்கத் தூள், நன்றாகக் கழுவி, தட்டு எடுத்து, குழம்பைச் சூடு பண்ணி என்று போனால் ஒரு கட்டு போய்விடும். டீ என்றால் டம்ளரைப் பிடித்தால் போதும். காலை பத்துக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. சீனி கம்மியாக இருந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். 'வெந்நி குடிக்கவா கூப்பிட்டே?' என்பாள். பால் விலை ஏறின ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டு டீயில் பால்தான் குறைந்தது. சீனி குறையவில்லை.

அஞ்சு ரூபாயும் அப்படித்தான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில்தான் அன்றைய பீடியை எண்ணிக் கட்டி, பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். தரம் பார்த்துக் கழித்ததுபோக மிச்சத்துக்குத்தான் கணக்கு. அந்த அவசரத்தில் யார் சுண்டல் அவித்து வைப்பது? இதைப் போய் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். பாக்கெட்டில் சீனி இருக்கிறது என்று தெரியாத அம்மா எங்கள் தெருவில் ஒருத்தியும் இல்லை.

கணக்குப்புள்ளி

இந்த விஷயத்தை எளிதாக எண்ணிலேயே பார்க்கலாம். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு சக்தி கிடைக்கிறது?

ஒரு கிலோ சீனியில் ஏறத்தாழ 3,900 கலோரி. கடை விலை 45 என்றால் ரூபாய்க்கு 86 கலோரி, ரேஷன் விலையில் 156. ஐந்து ரூபாய் பிஸ்கட் 50 கிராம் என்று வைத்தால் ரூபாய்க்கு 45. ஆறு ரூபாய்க்கு ஒரு வாழைப்பழம் என்றால் ரூபாய்க்கு 16 சொச்சம், ஆறு ரூபாய் முட்டையில் 12 சொச்சம். ஆப்பிள் கிலோ 200 என்றால் ரூபாய்க்கு மூன்றுகூட வராது.

இதில் ஏழை சீனி பக்கம் போகாமல் வேறெங்கே போவார்? வருமானம் குறைந்தால் கலோரி மலிவாகக் கிடைக்கும் பக்கம் சாய்வது இயற்கை. பொருளாதாரம் படித்தவர்கள் சும்மா சுற்றி வளைக்கிறார்கள்.

பாளை ஓய்வு ஆசிரியர்

தம்பி, உங்கள் பட்டியலில் முக்கியமான ஒன்றை எழுதவே இல்லையே. ரேஷன் அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு இலவசம். சுழியால் வகுத்துப் பாருங்கள், ரூபாய்க்கு எத்தனை கலோரி வருகிறது? கலோரி மலிவு மட்டுமே காரணம் என்றால் கூலி வீடுகளில் மூன்று வேளையும் சோறும் கஞ்சியும் ஓடியிருக்க வேண்டும், அஞ்சு ரூபாய்ச் சரம் விற்றிருக்கவே கூடாது.

முக்கூடல் அம்மா சொன்னதுதான் சரியான முனை. அரிசியை உலையில் போட ஆளும் நேரமும் வேண்டும். டீயும் பிஸ்கட்டும் அந்த இரண்டையும் கேட்பதில்லை. வருமானம் குறைவு என்றால் காசு குறைவு என்று மட்டும் நினைக்கிறோம். நாள்கூலி, எண்ணிக்கைக் கூலி வீடுகளில் நேரமும் கூடவே குறைவு. இங்கிலாந்திலும் ஆலைத் தொழில் பெருகின 19-ஆம் நூற்றாண்டில் இதே கதைதான். தொழிலாளி வீட்டில் இனிப்பு டீயும் ஜாம் தடவின ரொட்டியும் சூடான சாப்பாட்டின் இடத்துக்கு வந்தன. 1874-இல் சர்க்கரை மேல் இருந்த சுங்க வரியையும் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா.

வருமானம் கூடக்கூடச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இலேயே சொல்லிவிட்டார். நம்மூரில் அது அப்படியே பொருந்துகிறது. ஆனால் சாப்பாட்டுக்குள் எது கூடும், எது குறையும் என்பது அந்தந்த ஊரின் வேலை முறையைப் பொறுத்தது.

நம் ரேஷனில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரிசி வேண்டாம் என்ற வீடுகளுக்குச் சர்க்கரை அட்டை கொடுத்து, அரிசிக்குப் பதில் மாதம் 3 கிலோ சீனி கூடுதலாகத் தந்தார்கள். வசதியானவர் வீட்டில் என்ன வேண்டியிருக்கும் என்று அரசாங்கமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. பிற்பாடு அந்த அட்டைக்காரர்களே அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

கணக்குப்புள்ளி

சார், அரிசியைச் சேர்த்தாலும் என் வாதம் முழுக்க விழவில்லை. சமைக்காமல் உடனே வாயில் போடுகிற பண்டங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த வரிசையில் சீனிப் பண்டம்தான் மலிவு. மற்றபடி நேரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

மேலப்பாளையம் சிஸ்டர்

நான் சுகாதாரத் துறையில் இருப்பவள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலில் நின்றே பார்க்கிறோம், ஆகவே என் பங்குக்கு.

'பணக்கார வியாதி' என்ற பேச்சை முதலில் தூக்கிப் போடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய நீரிழிவு ஆய்வின் 15 மாநில முடிவுகள் 2017-இல் வந்தன. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் ஆகிய இடங்களின் நகர்ப்புறத்தில் வசதி குறைந்தவர்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்று அதில் இருக்கிறது. 2023-இல் வந்த முடிவில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. சீனி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. உடம்பு அசையாமல் உட்கார்ந்து செய்யும் வேலை, மூன்று வேளையும் வெள்ளை அரிசி, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான்.

சாதாரணக் கணக்கு ஒன்று. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், ஏறத்தாழ 10 கிராம். நாலு டீ குடித்தால் 40. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு அது சுமார் 50 கிராம். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்று 2015-இல் சொன்னார்கள். டீயிலேயே 40 போய்விட்டது. சாயங்காலம் ஒரு கலர், 250 மில்லி பாட்டில் என்றால் அதில் 26, 27 கிராம் வரும்.

வசதியானவர் வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருக்கும், மூன்று மாத சராசரி டெஸ்ட் எடுப்பார்கள், டீயில் சீனியை நிறுத்தியிருப்பார்கள். 'நான் சுத்தமா விட்டுட்டேன் சிஸ்டர், இப்ப கருப்பட்டிதான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச் சத்து இருக்கலாம், அதற்காக நாலு ஸ்பூன் போட்டுக் குடித்தால் மெஷின் காட்டிக் கொடுத்துவிடும்.

திசையன்விளை பனங்காடு

சிஸ்டர், சுக்ரோஸ் விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் கருப்பட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால் இந்த இழையின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

எங்கள் தாத்தா பனையேறி. விடியுமுன் ஏறி இறக்கின பதநீரை ஆச்சி வட்டைச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவாள். பனையோலை, பாளை, சில்லாட்டை எல்லாம் அடுப்புக்குள் போகும். கெட்டியாகிக் கூப்பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி வைப்பாள். வீட்டில் எல்லோருக்கும் கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான். சீனிக் காப்பி என்றால் விருந்தாளிக்கு, அதுவும் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் விருந்தாளிக்கு. தகரடப்பாவில் பூட்டி வைத்த சீனி அது.

இப்போது எங்கள் தெருவில் பனை ஏறுகிறவர்கள் சிலர்தான் மிச்சம். அவர்கள் வீட்டில் என்ன காப்பி தெரியுமா? ரேஷன் சீனிக் காப்பி. காய்ச்சின கருப்பட்டி அத்தனையும் வியாபாரிக்குப் போய்விடும். நல்ல கருப்பட்டி கிலோ சீனியைப் போலப் பல மடங்கு விலை, அதை எப்படி வீட்டுக்காரன் கலக்கிக் குடிப்பான்? உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். பருவம் சில மாதம்தான், கேட்பதோ வருடம் முழுக்க. இடைவெளியை எதைப் போட்டு நிரப்புகிறார்கள்? சீனிப் பாகைத்தான். எங்களிடம் எடுத்த ஒரு வியாபாரி 'நீங்களே கொஞ்சம் சீனி போட்டுக் காய்ச்சுங்க, கலர் நல்லா வரும்' என்று வாய் கூசாமல் சொன்னார். அவருக்குக் கொடுப்பதை அப்பா நிறுத்திவிட்டார்.

ஆக சீனி கூடாது என்று காசு கூடக் கொடுத்து வாங்குகிற வீட்டுக்கும் சீனிதான் போகிறது, கருப்பு நிறத்தில்.

வண்ணார்பேட்டைக்காரன்

அடேயப்பா. இது நான் எதிர்பார்க்காத திருப்பம். பனங்காடு, உங்கள் அப்பாவிடம் சொல்லிவையுங்கள், பருவம் வந்ததும் எனக்கு ஐந்து கிலோ.

டவுண் மாமி

எல்லோரும் வாங்குவதையே பேசுகிறீர்களே, கொடுப்பதை யார் பேசுவது?

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் சீர்ப் பலகாரம் அனுப்ப வேண்டும். அதிரசம், முந்திரிக்கொத்து, லட்டு, முறுக்கு எல்லாம் இத்தனை என்று எண்ணி, பாத்திரம் நிரப்பி அனுப்ப வேண்டும். தலை தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கல்படியோடு ஒரு தடவை. எண்ணிக்கை குறைந்தால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். என் நாத்தனார் நகையை அடகு வைத்துத்தான் மகள் வீட்டுக்கு அனுப்பினாள். அவள் வீட்டில் அந்த அதிரசத்தில் ஒன்று யாரும் தின்னவில்லை. போன இடத்தில் தெரு முழுக்கப் பங்கு வைத்தார்கள், பாதி காய்ந்துதான் போனது. கணக்கெடுப்புக்காரர்கள் இதை எந்த வருமானக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இன்றைக்குப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் லட்டுக்குப் பதில் பாதாம், பேரீச்சை போட்ட பெட்டி கொடுக்கிறார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரரை அரைக் கிலோ அல்வா இல்லாமல் திருப்பி அனுப்ப முடியாமல் திண்டாடுவது நடுத்தர வீடுகள்தான்.

கடையநல்லூர் டு துபாய்

மாமி, எங்கள் ஊர்ப் பெட்டியைச் சேர்க்காமல் விடலாமா! விமான நிலையத்தில் இறங்கும் ஒவ்வொருவர் பெட்டியிலும் சாக்லேட்டும் ஆரஞ்சு ஜூஸ் பவுடரும்தான் பாதி எடை. அண்ணன் முதல் தடவை வந்தபோது வேறு எதைக் கொண்டுவந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. வந்த காசு வீடாக நிற்கிறது. வாப்பா இன்சுலின் போடுகிறார்.

வண்ணார்பேட்டைக்காரன்

சரி, அப்போது என்ன செய்யலாம்? வரி போடலாமா? மெக்சிகோவில் 2014-இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். முதல் வருடத்தில் அந்தப் பானங்களின் விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது, வசதி குறைந்த வீடுகளில் அதைவிட அதிகமாகவே குறைந்தது.

இங்கே 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது கோலா வகைப் பானங்களுக்கு 40 சதவீதம் வைத்தார்கள். முன்பும் வரியும் செஸ்ஸும் கூட்டினால் அதே 40தான். ஆனால் பிஸ்கட், சாக்லேட் 18-லிருந்து 5-க்கு வந்துவிட்டது. கேஸ் இல்லாத பழச்சாறு கலந்த பானம் 12-லிருந்து 5-க்கு. பத்து ரூபாய் மாம்பழ ஜூஸில் இருக்கும் சீனி சீனி இல்லையா?

முக்கூடல் அக்கா

வரி போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரி மட்டும் போட்டால் அம்மாவின் டீ இன்னும் கொஞ்சம் விலை கூடும், அவ்வளவுதான். அவள் குடிப்பாள். எண்ணிக்கைக் கூலியை ஏற்றிக் கொடுத்தால் பன்னிரண்டரைக்கு எழுந்து சோறு தின்பாள். மெக்சிகோவை விட்டுவிட்டுப் பீடிக் கூலியைப் பேசும் ஆள் யாராவது உண்டா?

பாளை ஓய்வு ஆசிரியர்

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லையே அம்மா. வரியால் வரும் பணம் எங்கே போகிறது என்பதையும் கேட்கலாம்.

முக்கூடல் அக்கா

கேட்கலாம் சார். எங்கே போகிறது என்று எனக்குச் சொன்ன ஆள்தான் இதுவரை இல்லை.

பேட்டை பலசரக்கு

வரியைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். வரி குறைந்தபோதும் என் கடையில் அஞ்சு ரூபாய் பாக்கெட் அஞ்சு ரூபாய்க்கேதான் போனது. சில்லறைக்கு எங்கே போவது? சில பாக்கெட்டில் கிராமைக் கூட்டினார்கள். வரி ஏறினால் கிராமைக் குறைப்பார்கள். பிள்ளைக்குத் தெரிந்தது அஞ்சு ரூபாய்க் காசு மட்டும்தான், கிராமை அது பார்க்காது.

வாசலில் நிற்கிற ஃபிரிட்ஜையும் பாருங்கள். குளிர்பானக் கம்பெனி சும்மா கொடுத்தது. அதற்குள் அவர்கள் பாட்டிலைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது, விற்பனை ஆள் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து பார்ப்பான். ஒரு ஓரத்தில் மோர் பாக்கெட் வைத்திருந்தேன், எடுக்கச் சொல்லிவிட்டான். கரண்ட் பில் மட்டும் என் பேரில் வருகிறது.

மேலப்பாளையம் சிஸ்டர்

அப்படியானால் மோரைப் பானையில் வையுங்களேன் அண்ணாச்சி. கருவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டு. வெயில் நேரத்தில் களப்பணிக்குப் போகும் எங்கள் ஆட்களே பத்துப் பேர் வாங்குவோம். சரத்துக்குப் பக்கத்தில் கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் மாட்டுங்கள். அதிலும் வெல்லம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், கடலையாவது வயிற்றுக்குள் போகும்.

பேட்டை பலசரக்கு

கடலை மிட்டாய் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கிறது சிஸ்டர், நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கூட்டமாக வரும்போது கைக்கு எட்டுவதைத்தான் இழுப்பார்கள். அதையும் சரமாகக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

மோர் போன சித்திரையில் வைத்தேன். டம்ளர் பத்து ரூபாய், பதினோரு மணிக்கெல்லாம் பானை காலி. ஆனால் காலையில் கடைந்து கொண்டுவர, டம்ளர் கழுவ, ஊற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்காரி இரண்டு வாரம் செய்தாள், அப்புறம் இடுப்பு வலி என்று உட்கார்ந்துவிட்டாள். சம்பளத்துக்கு ஆள் போட்டால் டம்ளர் பதினைந்து சொல்ல வேண்டும். பக்கத்திலேயே பத்து ரூபாய் கலர் பாட்டில் நிற்கிறது, கழுவ வேண்டியதும் இல்லை. இந்த வருடம் யாராவது செய்து கொடுத்தால் வைக்கிறேன், டம்ளருக்கு ஏழு ரூபாய் அவர்களுக்கு, மூன்று எனக்கு. முக்கூடல் அக்கா, பேட்டைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஆட்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள்.